பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர்: வாசிப்புத் தன்னார்வலராகச் சேரப்போகிறவர்களுக்கு

முதன்முதலாக ஒரு தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு வாசிப்புத் துணையாகப் போனபோது பை நிறையச் சாமான்களோடு போனேன். எழுத்து அட்டைகள், பயிற்சித் தாள்கள், நட்சத்திர ஸ்டிக்கர்கள், மூன்று கதைப் புத்தகங்கள். கிடைத்த அரை மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் நான்தான் பேசினேன். குழந்தை படித்தது மொத்தம் நான்கு வரி. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது: அன்றைக்கு நன்றாகப் பயிற்சி எடுத்துக்கொண்டது நான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் முப்பது பேர் இருந்தால், ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் சத்தமாக வாசித்து டீச்சர் கேட்பதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும். தினமும் அதற்கு யாரிடம் நேரம் இருக்கிறது? தடுமாறி வாசிக்கும் குழந்தைக்கு வகுப்பில் பாடம் கிடைக்கிறது. தான் வாசிப்பதை அவசரப்படாமல் கேட்க ஒரு ஆள் கிடைப்பதுதான் அரிது. தன்னார்வலர் போய் உட்கார வேண்டிய இடம் அதுதான்.

இதற்கு ஆசிரியர் பயிற்சி வேண்டுமா? வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் 2005-06 வாக்கில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி மட்டும் கொடுத்து வாசிப்பு முகாம்கள் நடத்தச் சொன்னது. ஒன்றுமே வாசிக்கத் தெரியாமல் அந்த முகாம்களுக்கு வந்த குழந்தைகள் கடைசியில் எழுத்துகளையாவது அடையாளம் கண்டு வாசித்தார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் இதை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: ஊரிலிருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் முகாம் பக்கமே வரவில்லை. ஆக, தன்னார்வலருக்குத் திறமை போதுமா என்று கவலைப்படுவதைவிட, குழந்தையும் தன்னார்வலரும் ஒழுங்காக வந்து சேர்கிறார்களா என்று கவலைப்படுவது மேல். வயதும் தடையில்லை. அமெரிக்காவில் எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற திட்டம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களையே தேடிச் சேர்த்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பியது.

சேர்வதற்கு முன்

முதலில் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் உங்களால் தவறாமல் வர முடியும்? ஆர்வத்தில் "வாரம் மூன்று நாள் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாதத்தில் காணாமல் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு நாள் என்று சொல்லிவிட்டு ஆண்டு முழுக்க வருகிறவர் அவர்களைவிடப் பல மடங்கு உபயோகமானவர். வாரம் இரண்டு நாள் முடிந்தால் இன்னும் நல்லது, வாசிப்புக்கு இடைவெளி குறைய வேண்டும்.

இது வெறும் ஒழுங்குப் பேச்சில்லை. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரியவரோடு இணைக்கப்பட்ட பிள்ளைகளில் ஓராண்டும் அதற்கு மேலும் அந்த உறவு நீடித்தவர்களுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவர்களின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதாவது பாதியில் விட்டுப் போனால் 'ஏதோ கொஞ்சமாவது செய்தோம்' என்று தேற்றிக்கொள்ள முடியாது. ஒரு கல்வியாண்டு நிற்க முடியாது என்று தெரிந்தால் இப்போதைக்குச் சேராதீர்கள். புத்தகங்களுக்கு அட்டை போடுவது, நூலக அலமாரியை அடுக்குவது போன்ற வேலைகளுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும்.

அடுத்து, திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் பின்னணியை விசாரிக்கிறார்களா? தொடக்கப் பயிற்சி உண்டா? எந்த அறையில் உட்காருவீர்கள்? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? ஒரே குழந்தையோடு தொடர்ந்து இருப்பீர்களா, வாரம் ஒரு குழந்தையா? எந்த விசாரணையும் இல்லாமல் "நாளைக்கே வாங்க" என்று சொல்லும் இடத்தில் நான் சேர மாட்டேன். என்னைச் சோதிக்காதவர்கள் மற்றவர்களையும் சோதித்திருக்க மாட்டார்கள்.

பக்கத்தில் அப்படித் திட்டம் எதுவும் இல்லையென்றால் பள்ளித் தலைமையாசிரியரையோ நூலகரையோ போய்ப் பாருங்கள். "ஒரு குழந்தை, வாரம் ஒருமுறை, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில்" என்று சின்னதாகக் கேட்டால் பெரும்பாலும் யோசித்துப் பார்ப்பார்கள். பெரிய திட்டத்தோடு போனால் கமிட்டி வரும்.

முதல் நாள்

முதல் நாள் எதையும் சோதிக்க வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், குழந்தையின் பெயரைச் சரியாக உச்சரிக்கிறீர்களா என்று அதையே கேளுங்கள். அக்காவா, அண்ணாவா, தாத்தாவா, மிஸ்ஸா, எப்படிக் கூப்பிடுவது என்று குழந்தையே முடிவு செய்யட்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கும்படி பக்கத்தில் உட்காருங்கள், புத்தகம் குழந்தையின் கையில் இருக்கட்டும். ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். "அடுத்த வாரம் இதே நாள் வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த வாரம் வந்து நில்லுங்கள், அவ்வளவுதான்.

எந்தப் படியில் நிற்கிறது?

இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில் குழந்தையின் வாசிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மூன்றாம் வகுப்பு என்பதால் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. குழந்தைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று பார்க்க பிரதம் 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பில் பயன்படுவது மிக எளிய முறை: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று படிகள். பத்தியில் தொடங்குங்கள். அதைச் சரளமாக வாசித்தால் கதையைக் கொடுங்கள். திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள். ஐந்து சொற்களில் குறைந்தது நான்கு சரியாக வரவில்லையென்றால் எழுத்துகளுக்கு இறங்குங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. மதிப்பெண் போடும் முகத்தோடு செய்யாதீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்வதைக் குழந்தை பார்த்தால் "எந்தப் புத்தகம் எடுத்து வருவதென்று குறித்துக்கொள்கிறேன்" என்று உண்மையையே சொல்லிவிடலாம்.

புத்தகம் பொருத்தமா என்று பார்க்க, வாசிக்கும்போது வரும் தவறுகளைக் குறித்துக்கொள்ள நியூசிலாந்து ஆய்வாளர் மேரி கிளே உருவாக்கிய பதிவு முறையை ஒட்டி ஒரு கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. நூறு சொற்களில் தவறுகள் ஐந்தைத் தாண்டாவிட்டால் குழந்தை தனியாகவே படிக்கலாம். ஆறிலிருந்து பத்து வரை தவறினால் பக்கத்தில் ஆளோடு படிக்கலாம். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். குழந்தைக்கே சொல்லித்தர எளிதானது விரல் கணக்கு: ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும், ஐந்தும் மடங்கிவிட்டால் வேறு புத்தகம்.

ஒரு சங்கடம் வரும். பத்து வயதுப் பையனுக்கு ஆறு வயதுக்கான புத்தகத்தை நீட்டினால் அவமானமாக இருக்கும். குட்டி முயல் கதை வேண்டாம் என்று தள்ளிவிடுவான். அப்போது பூச்சிகள், ரயில், எரிமலை, கிரிக்கெட் என்று படத்துக்கு அடியில் ஓரிரு வரி இருக்கும் தகவல் புத்தகங்களைத் தேடுங்கள். வரி எளிதாக இருக்கும், விஷயம் குழந்தைத்தனமாக இருக்காது. விடுகதைத் தொகுப்புகளும் ஜோக்குகளும் அப்படித்தான். அவன் வாசிக்காவிட்டால் நீங்கள் சிரிக்க முடியாது என்பது பெரிய தூண்டுகோல்.

அரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது?

நான் கடைப்பிடிப்பது இது. முதலில் ஓரிரு நிமிடம் பேச்சு. பிறகு போன வாரம் படித்ததையே இன்னொரு முறை வாசிக்கச் சொல்வேன். புதியவர்கள் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், "ஏற்கெனவே படித்ததுதானே" என்று. ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979-இல் விளக்கிய மறுவாசிப்பு முறையின் அடிப்படையே இதுதான்: ஒரே சின்னப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எழுத்தோடு மல்லுக்கட்டுவது குறைந்து வேகம் கூடுகிறது, கவனம் பொருளுக்குப் போகிறது. சைக்கிளில் பழகிய தெருவில் ஓட்டுவது போல. குழந்தைக்கும் "போன வாரம் திக்கியது இப்போது ஓடுகிறது" என்று காதாரத் தெரிகிறது. நீங்கள் பத்துப் பாராட்டுச் சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் புதிய பகுதி. கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், குழந்தையால் இப்போதைக்குப் படிக்க முடியாத, ஆனால் கேட்டு ரசிக்கக்கூடிய கதையாக. சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த வாரம் வாசலிலேயே காத்திருக்கும்.

தடுமாறும்போது

வேலையின் கஷ்டமான பகுதி இதுதான், புத்தகமே தேவைப்படாத பகுதியும் இதுதான். குழந்தை ஒரு சொல்லில் நிற்கிறது. உங்கள் வாய் துடிக்கும். சொல்லாதீர்கள். மனசுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுங்கள்.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்ற பதில் குறைந்தது. கூடுதலாகக் கொடுத்தது இரண்டே விநாடி. ஆனால் காத்திருந்து பார்த்தால்தான் தெரியும், ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்று. அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தையே உற்றுப் பார்க்காதீர்கள், பக்கத்தைப் பாருங்கள்.

ஐந்து ஆன பிறகும் வரவில்லையா? முதல் எழுத்தைச் சுட்டிக்காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிடுங்கள். குழந்தை அதைத் திருப்பிச் சொல்லட்டும், வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கட்டும். ஒரு சொல்லுக்காக மூன்று நிமிடம் விசாரணை நடத்தினால் கதை செத்துவிடும்.

தவறாக வாசித்தால் உடனே குறுக்கிடாமல் வாக்கியம் முடியும்வரை பொறுங்கள். "பையன் மரத்தில் எறிந்தான்" என்று வாசித்த குழந்தை, அடுத்த வரியில் அவன் கிளையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பிப் போய் "ஏறினான்" என்று திருத்தும். அப்படித் திருத்தினால் அதைத்தான் பாராட்ட வேண்டும். "வெரிகுட்" என்று பொதுவாகச் சொல்வதைவிட "எறிந்தான் சரியாக வரவில்லை என்று நீயே கண்டுபிடித்தாயே" என்று சொல்லுங்கள். எதைச் செய்ததற்காகப் பாராட்டு என்று தெரிந்தால்தான் அதை மறுபடி செய்ய முடியும்.

பேசவே கூச்சப்படும் குழந்தைக்கு இணைவாசிப்பு நன்றாக வேலை செய்கிறது. ஸ்காட்லாந்தில் பணியாற்றிய கீத் டாப்பிங் பெரிய அளவில் பரப்பிய முறை. இருவரும் ஒரே நேரத்தில் சத்தமாக, குழந்தையின் வேகத்தில் வாசிக்க வேண்டும். தனியாக வாசிக்கத் தைரியம் வரும்போது குழந்தை மேசையில் ஒரு தட்டு தட்டும், நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். தவறினால் சில விநாடி பொறுத்து, சொல்லைச் சொல்லி, மறுபடி சேர்ந்து வாசிப்பீர்கள். நான் துணையிருந்த ஒரு பெண் முதல் மூன்று வாரம் தட்டவே இல்லை. நான்காம் வாரம் தட்டியபோது, கவனிக்காமல் நான்பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போய்விட்டேன். முழங்கையால் இடித்தாள்.

தமிழில் மட்டும் வரும் சிக்கல்கள்

247 எழுத்து என்று பயப்பட ஒன்றுமில்லை. 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்து, கால், கொம்பு, சுழி எல்லாம் எப்படிச் சேரும் என்று பிடிபட்டால் மீதி வந்துவிடும். சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, கொம்பு. 'கெ' என்பதில் கொம்பு இடப்பக்கம் இருக்கிறது, ஒலியோ 'க்'குக்குப் பிறகு வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாகப் பார்த்துப் பழகும் கண்ணுக்கு இது நிஜமாகவே குழப்பம், கவனக்குறைவு இல்லை. கா, கே, கோ மூன்றையும் அடுத்தடுத்து எழுதி, குறிகளை வேறு நிறத்தில் வரைந்து காட்டினால் தெளிவாகும்.

இரண்டு, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. 'பம்பரம்' என்ற சொல்லில் முதல் 'ப' ஒரு மாதிரி, நடுவில் இருப்பது வேறு மாதிரி. பச்சை, மஞ்சள், சட்டை மூன்றிலும் 'ச' வெவ்வேறாக ஒலிக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை ஒவ்வொரு எழுத்தையும் அட்டையில் கேட்டபடியே சொல்லி, சொல் சேராமல் முழிக்கும். அங்கே "இது உனக்குத் தெரிந்த சொல்தான், வேகமாகச் சொல்லிப் பார்" என்றால் போதும்.

மூன்று, நீளச் சொற்கள். 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்பதைப் பார்த்ததும் குழந்தை மூச்சை விட்டுவிடும். விரலால் மறைத்து 'படித்துக்' மட்டும் காட்டுங்கள், பிறகு 'கொண்டிருந்', பிறகு 'தார்கள்'. பிறகு முழுதாக. இந்த மறைக்கும் வித்தையைச் சீக்கிரமே குழந்தையின் விரலுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. புத்தகத்தில் "வீட்டிற்குச் சென்றான்" என்று இருக்கும், குழந்தை "வீட்டுக்குப் போனான்" என்று வாசிக்கும். பாதிப் பேர் இதைத் தவறென்று அதட்டுகிறார்கள். அந்தக் குழந்தை வரியைப் புரிந்துகொண்டு தன் பேச்சுத் தமிழில் சொல்லியிருக்கிறது, வாசிப்பில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. "ஆமாம், போனான். புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறது பார்" என்று எழுத்தைக் காட்டினால் மீதியையும் தாண்டிவிடும். ல, ள, ழ உச்சரிப்புக்கும் இதே பொறுமைதான். வாசிப்பின் நடுவில் நாக்குப் பயிற்சி வேண்டாம்.

ஓடுகிறது, புரிகிறதா?

சில குழந்தைகள் அருவி மாதிரி வாசிக்கும், மூடி வைத்துவிட்டுக் கேட்டால் ஒன்றும் இருக்காது. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் சொன்ன எளிய விளக்கப்படி வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்குவதையும் மொழியைப் புரிந்துகொள்வதையும் பெருக்கி வரும் விடை. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அதனால் நடுநடுவே பேசுங்கள், ஆனால் கேள்வித்தாள் மாதிரி வேண்டாம். "அவன் பெயர் என்ன?" என்பதற்குப் பக்கத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். "இவன் ஏன் பொய் சொன்னான்? நீயாக இருந்தால்?" என்று கேட்டால் கதைக்குள் இறங்க வேண்டும். ஒரு கதைக்கு இரண்டு கேள்வி போதும்.

இன்னொன்று. குழந்தை புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கிறதா, கூப்பிட்டால் ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறதா, மாதக்கணக்கில் உழைத்தும் ஒரே எழுத்துகளில் நிற்கிறதா? ஆசிரியரிடம் சொல்லுங்கள். பார்த்ததைச் சொல்வது உங்கள் வேலை, டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை.

"இன்னைக்குப் படிக்க மாட்டேன்" என்கிற நாளும் வரும். சரி என்று விடுங்கள். நீங்கள் வாசியுங்கள், அல்லது குழந்தை சொல்லச் சொல்ல நான்கு வரி எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்த வரியை எழுத்தில் பார்த்தால் பெரும்பாலும் தானே வாசிக்கத் தொடங்கிவிடும்.

தாண்டக் கூடாத கோடுகள்

எப்போதும் மற்ற பெரியவர்கள் பார்க்கும் இடத்தில், கதவு திறந்த அறையில் இருங்கள். போன் எண் கொடுப்பது, போட்டோ எடுப்பது, தனியாக வெளியே கூட்டிப் போவது, பரிசு வாங்கித் தருவது எதுவும் வேண்டாம். உங்கள் மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த விதி உங்களுக்கும் பொருந்தும். விதிகள் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் தவறான ஆள் தனியாகத் தெரிவார்.

வாரங்கள் போகப்போகக் குழந்தை வீட்டு விஷயம் பேசும். கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்" என்றால் மட்டும் சத்தியம் பண்ணாதீர்கள். "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். யாரோ அடிக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்பது போல எதுவும் வந்தால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்டுக்கொண்டு, குழந்தை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, அன்றைக்கே ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவியுங்கள். நீங்களே போய்ப் பெற்றோரிடம் பேசுவது நிலைமையை மோசமாக்கலாம்.

வராத நாளும், கடைசி நாளும்

உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும், அதெல்லாம் எல்லோருக்கும் உண்டுதான். தெரிந்திருந்தால் முந்தின வாரமே குழந்தையிடம் சொல்லுங்கள். திடீரென்றால் பள்ளிக்குச் செய்தி அனுப்பி, அது குழந்தையின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் விசாரியுங்கள். அலுவலகத்தோடு நின்றுபோகும் செய்திகள் அதிகம்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, புத்தகத்தின் பெயர், எந்தச் சொற்களில் நின்றது, எதற்குச் சிரித்தது. நான்கு வரி போதும். டீச்சருக்கு மாதம் ஒருமுறை அதிலிருந்து இரண்டு வரி சொன்னால் வகுப்பிலும் உபயோகப்படும்.

ஆண்டு முடிவில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மூன்று நான்கு வாரம் முன்பே சொல்லிவிட்டு, "இன்னும் மூன்று தடவை, இன்னும் இரண்டு தடவை" என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். முடியாத சந்திப்புக்கு "மறுபடி பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். கடைசி நாளில் நோட்டிலிருந்து படித்து முடித்த புத்தகங்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போங்கள். அந்தப் பட்டியலை நீங்கள் வாசிக்க வேண்டாம், குழந்தையிடமே கொடுங்கள்.